கருப்பட்டி அசையாமல் கிடந்த நேரம்

அசையக் கூடாது என்று டாக்டர் பர்வீன் சொன்னதும் நான் தலையை ஆட்டிவிட்டேன், என்ன தைரியத்தில் ஆட்டினேனோ. அசையக் கூடாதது நான் இல்லையே, மேசைமேல் பக்கவாட்டில் படுத்து என் இடது முழங்கை மடிப்பில் தலையை வைத்திருக்கிற இவள் அல்லவா, கருப்பட்டி, மூன்று வயது லாப்ரடார், அசையாமல் இருந்த ஒரு பொழுதுகூட என் ஞாபகத்தில் இல்லாதவள். தூக்கத்திலும் நாலு காலும் ஓடிக்கொண்டிருக்கும், மீசை துடிக்கும், கனவில் எந்த ஆற்றில் குதிக்கிறாளோ. இவளைப் போய்க் கழுத்தில் ஊசியோடு, ஒரு பை ரத்தம் நிறைகிற வரைக்கும் கல்லு மாதிரி கிட என்றால் எப்படிக் கிடப்பாள். மயக்க மருந்து இல்லாமலே பார்ப்போம், இவ நல்ல பிள்ளைதான என்கிறார் டாக்டர். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளை என்றால் அசையாத பிள்ளை என்று யார் சொன்னது. கழுத்தில் ஒரு கையகலத்துக்கு முடியை வழித்துவிட்டார்கள். அடியில் தோல் வெளிறிப்போய், கைக்குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருக்கிறது. மூன்று வருஷமாகக் குளிப்பாட்டுகிறேன், துவட்டுகிறேன், சீவிச் சீவி ஒரு தலையணைக்கு ஆகிற முடியை வாரந்தோறும் அள்ளிப் போடுகிறேன், இந்தத் தோலை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டாம் என்று படுகிறது. பக்கத்து அறையில் அந்த டைகர் கிடக்கிறது, பாளையங்கோட்டை தேவசகாயம் சாருடைய நாட்டு நாய். உண்ணிக் காய்ச்சல் முற்றி ரத்தமெல்லாம் வற்றி, ஈறு சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துவிட்டதாம். இன்றைக்கு ரத்தம் ஏறவில்லை என்றால் மருந்து வேலை செய்கிற வரைக்கும் தாங்காது என்று நேற்றே டாக்டர் போனில் சொன்னார். நல்ல எடை, நல்ல வயசு, தடுப்பூசியெல்லாம் போட்ட உடம்பு, உண்ணியே இல்ல, எனக்கு ஒங்க கருப்பட்டிதான் ஞாபகம் வந்தா என்றார். ஊரில் எத்தனையோ நாய் இருக்க இவள் ஞாபகத்துக்கு வந்தாள் என்றதும் எனக்குப் பெருமை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, அந்தப் பெருமையிலேயே சரி டாக்டர் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கழுத்து, ஊசி, பை என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.

காலையில் போலாமா என்று கேட்டேன் இவளிடம். அதுதான் முள்ளாக நிற்கிறது. போலாமா என்றால் ஆறு. குறுக்குத்துறை படித்துறை, தண்ணீர், தூக்கிப் போடுகிற தேங்காய் மட்டை. அந்த ஒரு சொல்லுக்கு இவள் உடம்பு முழுக்கக் காதாகிவிடும். கதவுக்கும் எனக்கும் இடையில் பம்பரமாகச் சுற்றினாள், பெல்ட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலில் போட்டாள், ஆட்டோவில் ஏறி முகத்தைக் காற்றில் நீட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோ ஆற்றுப் பக்கம் திரும்பாமல் நேரே போனபோது என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒருதரம். பிறகு சரி, நீ எங்கே கூட்டிப் போனாலும் சரி என்று மறுபடி காற்றில் முகம். ஆஸ்பத்திரிக்கு என்று எப்படிச் சொல்வது, நாயிடம் அந்தச் சொல் இல்லையே. இல்லாத சொல்லுக்குப் பதில் இருக்கிற சொல்லைக் கொடுத்தேன், அது பொய்யா. என் பிழைப்பே அந்தப் பொய்தானே. வண்ணார்பேட்டையில் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஊரார் கையில் ரத்தம் எடுக்கிறவள் நான். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவேன். எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது, அவர்களுக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொண்டு கையை நீட்டுவார்கள். எத்தனை கை, எத்தனை நரம்பு, தடித்தது, மெலிந்தது, விரலுக்குத் தட்டுப்படாமல் வழுக்கி ஓடுகிறது, வெளியே ஆள் யாரென்று தெரிந்தால் ஒரு பேச்சு தெரியாவிட்டால் ஒரு பேச்சு பேசுகிற ஊரில் உள்ளே எல்லாம் ஒரே சிவப்பு. ஊசியைப் பார்த்து எனக்குக் கண் சிமிட்டியதில்லை. இப்போது டாக்டர் விரலால் இவள் கழுத்தை அமுக்கி, நரம்பு தடித்து எழுந்து, ஊசி சாய்ந்து இறங்கும்போது நான் சுவரில் ஒட்டியிருந்த கன்றுக்குட்டிப் படத்தைப் பார்த்தேன். உள்ளே போனது எனக்குத் தெரிந்தது, பார்க்காமலே தெரிந்தது, இவள் மூச்சு ஒரு நொடி நின்று என் முழங்கையில் சூடாக விழுந்தது. அசையவில்லை. வந்துட்டு, அப்படியே பிடிச்சுக்கோங்க பிரமு என்றார் டாக்டர். குழாய் வழியாகச் சிவப்பு ஓடி, கீழே பையில் முதல் ரேகை விழுந்தது.

எங்க வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். ரத்தம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவு பயம். ஆனால் இவளைக் கொண்டுவந்தது அவர்தான். சாக்லேட் கலராம், விற்றவர் சொன்னாராம், நம்மூருக்கு என்ன சாக்லேட், உடன்குடிக் கருப்பட்டி மாதிரியில்லா இருக்கா என்று அவரே பேரும் வைத்துவிட்டார். எங்கள் நிலையத்தில் வேலை பார்க்கிற பாலக்காட்டுப் பெண் ஒருநாள் முழுக்கச் சிரித்தாள், வீட்டில் செல்லமாகப் பட்டி என்று கூப்பிடுகிறோம் என்றதும், பட்டிக்கு பட்டின்னே பேரா சேச்சி என்று, அவள் மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தானாம். நான் வேண்டாம் என்றேன், ஒரு மாதம் இவளோடு பேசவில்லை, அது என்றுதான் சொல்வேன், அது சாப்பிட்டுச்சா, அது அங்க அசிங்கம் பண்ணிருக்கு பாருங்க. எந்த நாளில் அது அவளாயிற்று என்று எனக்குத் தெரியாது. செருப்பு போனது, டிவி ரிமோட் போனது, துடைப்பம் ஈர்க்கு ஈர்க்காகப் போனது, கொசு அடிக்கிற மட்டை போனது. வாலால் ஒரு வீச்சு, டீப்பாயில் இருக்கிற டம்ளரெல்லாம் தரையில். சாப்பாடு என்றால் இவளுக்குக் கரையே கிடையாது. அரைத்து வைத்த இட்லி மாவைச் சட்டியோடு வழித்து நக்கிவிட்டு வயிறு பானையாகப் புளித்துப் பொங்க, இதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லித் தந்தார், இந்தச் சாதிக்கு வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குத் தெரியவே தெரியாது, நீங்கதான் நிப்பாட்டணும், சோத்தக் குறைங்க, ஓட விடுங்க, நீந்த விடுங்க, எடை ஏறினா இடுப்பு மூட்டு போயிரும், வேலை குடுக்காம வீட்டுக்குள்ள பூட்டி வச்சா வீட்டத்தான் திங்கும் என்று. தப்பு இவளிடம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டையில் சுட்டுத் தண்ணீரில் விழுந்த பறவையை எடுத்து வர என்று உண்டாக்கின உடம்பு. விரலுக்கு விரல் தோல் ஒட்டி வாத்துக்கால் மாதிரி, முடியில் தண்ணீர் ஒட்டாத எண்ணெய்ப் பிசுக்கு, துடுப்பு மாதிரி வால். இதையெல்லாம் உடம்பில் வைத்துக்கொண்டு டவுனில் ஒரு மாடி வீட்டில் ஒரு பிள்ளை என்ன செய்யும், பாவம்.

மறுநாளே ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குப் பார்த்ததை எப்படிச் சொல்ல. படித்துறையில் ஒரு நொடி நின்றாள், மூக்கை உயர்த்தினாள், அவ்வளவுதான், தாமிரபரணிக்குள் ஒரு அம்பு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, வாலால் திசை திருப்பிக்கொண்டு, தண்ணீர் இவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. எறிந்த மட்டையைக் கவ்விக்கொண்டு வந்து என் பாதத்தில் வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்தாள். இன்னொண்ணு. இன்னொண்ணு. அதோடு விட்டாளா. குளிக்கிறவர்களுடைய சோப்பு டப்பா, துண்டு, ஒரு பெரியவருடைய பல் செட்டு வைத்திருந்த கிண்ணம், ஆற்றங்கரையில் எவர் எதை வைத்தாலும் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாள், அத்தனையும் எனக்குச் சொந்தம் என்பது போல. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போவேன். ஏம்மா ஒங்க நாய் களவாண்டுட்டு வருதே என்று ஒரு அக்கா கேட்டதுக்கு, களவில்லக்கா, குடுக்கிறதுக்குத்தான் எடுக்கா என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து காதுக்குள் ஈரம் போகத் துடைக்கணும், விட்டால் மறுநாள் புளித்த வாடை வரும், காதைத் தரையில் போட்டுத் தேய்ப்பாள். உண்ணி இருக்கிறதா என்று விரலிடுக்கு, காதுமடல், வாலடி எல்லாம் தடவிப் பார்க்கணும். அந்தத் தடவல்தான், ஒவ்வொரு சாயங்காலமும் அந்தத் தடவல்தான் இன்றைக்கு இவள் ரத்தத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறது. என் விரலும் அதில் கொஞ்சம் இருக்கிறது. தேவசகாயம் சாருக்கும் விரல் இருந்ததே. அவரும் தடவிப் பார்த்திருப்பார். ஒரே ஒரு உண்ணி தப்பியிருக்கும். யாருக்கும் தப்பலாம். எனக்கும்.

வாலுதான் பயம். ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது, டாக்டர் பையை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார், ஊசி நிற்கிறது, ஆனால் யாராவது இவளைப் பார்த்துச் சிரித்தால் போதும், வால் அடிக்கும், வால் அடித்தால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் கழுத்து. அதனால்தான் தொடங்கும்போதே, யாரும் அவ கண்ணப் பாக்காதீங்க, பேரச் சொல்லாதீங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். உலகத்திலேயே அன்பு காட்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து ரத்தம் எடுக்கிற ஒரே பிறவி இவளாகத்தான் இருக்கும். நான் இவள் நெற்றியைப் பார்க்கிறேன், இரண்டு புருவத்துக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னக் குழியை மட்டும். கையால் நெஞ்சைத் தடவுகிறேன், உள்ளே அடிக்கிறது, நிதானமாகத்தான் அடிக்கிறது, என்னுடையதுதான் ஓடுகிறது. அப்போது கதவு திறந்தது. தேவசகாயம் சார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு போர்வை, அதில்தான் டைகரைச் சுற்றிக் கொண்டுவந்தாராம். உள்ளே காலை வைக்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா, ஒங்க பிள்ளைக்கு வலிக்குதோ என்று கேட்டார். இவள் காது தூக்கியது. புது ஆள், புதுக் குரல், புது வாடை. வால் மேசைமேல் ஒருதரம் தொப்பென்று விழுந்தது. சார், பேசாதீங்க என்றார் டாக்டர். இன்னொரு தொப். என் முழங்கைக்குள் கழுத்துத் தசை இறுகுவது தெரிகிறது, எழப்போகிறாள், எழுந்து போய் அவர் முகத்தை நக்கப்போகிறாள், ஊசி பிய்த்துக்கொண்டு வரும், பை பாதிதான், பாதிப் பை அந்த நாய்க்குப் போதாது, இவளும் வீணாக நொந்தது மிச்சம். என் வாயில் அந்த எறும்பு வந்தது. எறும்பு கடிச்ச மாதிரிதான். வந்தது, ஆனால் சொல்ல வரவில்லை. குனிந்து காதுக்குள் சொன்னேன், வலிக்கும் கருப்பட்டி, கொஞ்சம் பொறுத்துக்க, அவருக்கு ஒரு பிள்ள இருக்கு, அதுக்கு வேணும். நாய்க்கு இது புரியும் என்று சொல்கிறவள் இல்லை நான். என் குரல்தான் புரிந்திருக்கும், அதில் ஆறு இல்லை என்பது புரிந்திருக்கும். வால் நின்றது. தேவசகாயம் சார் கதவைச் சாத்தாமலே பின்பக்கமாக, ஒரு தப்பும் செய்யாதவர் தப்பு செய்தவர் போல, நகர்ந்து போனார்.

முடிந்தது என்று நினைக்கும்போது ஓட்டம் குறைந்தது. எனக்குக் குழாயைப் பார்த்தாலே தெரியும். சிவப்பு தயங்கித் தயங்கி வருகிறது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான், உள்ளே ஊசியைக் கொஞ்சம் திருப்பணும், அது குத்துவதைவிட வலிக்கும். திருப்பினார். இவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, மூன்று வருஷத்தில் நான் கேட்காத ஒரு சின்னச் சத்தம். தலை திரும்பியது. வாய் திறந்தது. பல் தெரிந்தது. கடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், கடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், என் கையை எடுக்கவில்லை. வலது மணிக்கட்டைக் கவ்வினாள். கவ்வி, அப்படியே வைத்துக்கொண்டாள். ஒரு பல் பதியவில்லை. ஈரச் சூடு மட்டும், நாக்கின் சொரசொரப்பு மட்டும், வளையல் பல்லில் பட்டு டிக்கென்றது. இவ்வளவு நோவிலும் தாடையை எங்கே நிறுத்துவது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன மழைக்காலத்தில் மொட்டைமாடியிலிருந்து எதையோ வாயில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள், மூஞ்சியில் ஒரு பொறுப்பு, கக்கு பட்டி கக்கு என்று கையை நீட்டினால், கண் திறக்காத அணில்குஞ்சு. நனைந்திருந்தது, அது எச்சிலில் நனைந்தது. ஒரு கீறல் கிடையாது. உயிரோடு நெளிந்தது. தென்னையடியில் வைத்துவிட்டு ஒளிந்து பார்த்தோம், தாய் வந்து கவ்விக்கொண்டு ஏறிவிட்டது. அன்றைக்கு எங்க வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி அந்த வாயைப் பிடித்துத் திறந்து பார்த்தேன், இத்தனை பெரிய பல்லை வைத்துக்கொண்டு எப்படியம்மா என்று. இப்போது என் மணிக்கட்டு அதே வாயில். இவளுக்குத் தாங்க முடியாதபோது எதையாவது தாங்கிக்கொள்ள வேண்டும் போல. டாக்டர் மெல்ல, வருது, நல்லா வருது, இன்னும் கொஞ்சம் என்கிறார். சிவப்பு ஓடுகிறது. என் நாடி இவள் நாக்கின்மேல் அடிக்கிறது, இவளுடையது என் முழங்கைக்குள் அடிக்கிறது. நான் சுவரைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தேன், ஊசியைப் பார்த்தேன், கடைசி வரைக்கும் பார்த்தேன்.

ஊசி வெளியே வந்து, பஞ்சை வைத்து டாக்டர் அமுக்கிப் பிடித்து, போதும், எந்திரிக்கட்டும் என்றபோதுதான் மணிக்கட்டை விட்டாள். எழுந்தாள். கால் ஒருதரம் மடங்கியது, தாங்கக் கையை நீட்டினேன். பிறகு நின்றாள். முதலில் டாக்டரிடம் போனாள். கழுத்தில் ஊசியைச் செருகித் திருப்பின அந்தக் கையை மோந்து பார்த்து, புறங்கையை நக்கினாள், வால் அடித்தது, அடிக்கட்டும், இனி எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு இவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனுசங்க இப்படி இருந்தா எனக்கு எவ்வளவு ஈசி என்றார். எனக்குந்தான் என்றேன். தண்ணீர் வைத்தார்கள், குடித்தாள். வேகவைத்த கோழி கொண்டுவந்திருந்தேன், பாத்திரம் தரையில் உருள உருள நக்கினாள், அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது, சோற்றில் ஆசை இருக்கிற வரைக்கும் இவளுக்கு ஒன்றும் இல்லை. ரெண்டு நாளைக்கு ஓடக் கூடாது, ஆறு கூடாது, கழுத்துல பட்டை மாட்டாதீங்க, நெஞ்சுல மாட்டுற பெல்ட்டுதான் என்றார் டாக்டர். ரெண்டு நாளைக்கு இவளைப் படுக்க வைக்கிறதுக்கு நான் என்ன பாடு படப்போகிறேனோ.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் இவள் கழுத்தில் முடி வழித்த இடத்தைப் பார்க்க முடியாமல் வாலைத் தடவிக்கொண்டிருந்தார். கெளம்புவமா என்றார் இரண்டு தரம். இருங்க என்றேன். எதற்கு இருக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, உள்ளே அந்தப் பை கம்பியில் தொங்கி, சொட்டுச் சொட்டாக, முன்பின் அறியாத ஒரு நாட்டு நாய்க்குள் இவள் இறங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக எனக்கு வரவில்லை. வெயில் மரத்தைத் தாண்டிவிட்டது. இவள் போகிற வருகிற எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டினாள், பூனைக்கூடை வைத்திருந்த அம்மாளை, ஆட்டுக்குட்டி தூக்கி வந்த ஆளை, கொடுத்த நினைப்பு கொஞ்சமும் இல்லாமல். ஒரு டம்ளர் டீக்கு நன்றியை எதிர்பார்க்கிற என்னை மாதிரிச் சனங்களுக்கு நடுவில் இவளைக் கடவுள் எதற்கு அனுப்பினாரோ. தேவசகாயம் சார் வந்தார். வரும்போதே நடை வேறாக இருந்தது. தலையைத் தூக்கிட்டாம்மா என்றார். ஈறுல லேசா சிவப்பு வந்திருக்கு, டாக்டரம்மா காட்டினாங்க. தண்ணி நக்கிச்சு. இனி மருந்து பிடிச்சிரும்னாங்க. மூணு பேரு அவங்க நாயக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வரலம்மா, நீங்க வந்தீக. நான் என்னவோ சொன்னேன், இருக்கட்டும் சார், டைகர் நல்லா இருந்தா போதும் என்று, அந்த மாதிரி எதையோ. அவர் என்னைப் பார்க்கவில்லை. தொடலாமா என்று கேட்டார்.

மூன்று வருஷமாக ஆள்மேல் தாவுகிற பிள்ளையைப் பின்னாலிருந்து இழுப்பதே என் வேலை. மன்னிச்சுக்கோங்க, ஒண்ணும் செய்யாது, சேலையில மண் ஆயிட்டா, மன்னிச்சுக்கோங்க. இன்றைக்கும் கை தானாகப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தது, அதுவும் வெள்ளைச் சட்டை. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் முட்டி போட்டார். கருப்பட்டி எழுந்து போய், முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் தூக்கி வைத்து, முழு எடையையும் அவர்மேல் சாய்த்து, முகத்தை நக்கத் தொடங்கினாள், நெற்றி, கண், கன்னம், ஒன்று விடாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சட்டையில் மண் அடையாளம் இரண்டு, நெஞ்சோடு சேர்த்து. பிடி, பிரமு, பிடி என்று இவர் என் முதுகைத் தொட்டார். நான் பெல்ட்டை விட்டேன்.